லெபெக்கா கொப்பளித்த இளநீர்

என் நாத்தனார் லெபெக்காவுக்குக் கரிநாக்கு என்று எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் பாதிரியாருக்குப் பயந்து நம்பாததுபோல் நடித்தார்கள். அவளே அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. இப்போது அவள் மண்ணுக்குள் போன பிறகு ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கூடவே இருந்து பார்த்தவள் நான், அவள் தம்பி பெண்டாட்டி சியேனி. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

பெருங்கடல் நடுவே கிடக்கும் சவாயித் தீவின் தென்கரையில் எங்கள் ஊர். லெபெக்கா வருகிறாள் என்பது அவள் ஈரப்பலா மரத்தடி தாண்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும், இருமல் முன்னால் வரும். நெஞ்சுக்குள் சேறு புரள்வதுபோல் ஈரமான இருமல். வாய்விட்டுச் சிரிப்பாள், பாதிச் சிரிப்பில் இருமல் பிடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் வரும், துடைத்துக்கொண்டு மறுபடி சிரிப்பாள். அவளுக்கு இரண்டு வயது இளையவர் என் வீட்டுக்காரர் அபெராமோ. அவருக்கும் அதே இருமல். கோயிலில் ஜெபம் நடக்கும்போது பெண்கள் பக்கமிருந்து அக்கா இருமுவாள், பாடகர் வரிசையிலிருந்து தம்பி பதில் இருமுவார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறந்த அன்றிலிருந்தே இருவருக்கும் மூக்கு ஒழுகியதாம், சளி வற்றியதே இல்லையாம். கடற்காற்று ஆகவில்லை என்று சொல்லி எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். நானும்தான்.

அந்தச் சாபம் விழுந்தது நான் அந்த வீட்டில் காலடி வைப்பதற்கு முன்னால். லெபெக்காவுக்கு அப்போது இருபது வயது. கொப்பரை ஏற்ற வரும் படகில் வேலை பார்த்த சேஃபோ என்பவன்மேல் உயிராக இருந்தாள். எங்கள் பக்கத்தில் அக்காவின் மானம் தம்பி கையில் இருக்கிறது. இருட்டில் அக்காவுக்காக மரத்தடியில் நிற்பவனை விரட்டாத தம்பியை ஊர் ஆம்பளையாக மதிக்காது. அபெராமோ ஊர் எதிர்பார்த்ததைச் செய்தார். பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு சேஃபோவை அடித்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து, வேறு தீவிலிருக்கும் பாகோ பாகோ துறைமுகத்துக்குப் படகேறியவன் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை அபெராமோ சமையல் குடிலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். லெபெக்கா நேராக அங்கே வந்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"எனக்குப் பொறக்க இருந்த புள்ளைங்களை நீ அடிச்சுத் துரத்திட்டடா. உனக்கும் ஒண்ணும் தங்காது. உன் வித்து முளைக்காது, பாத்துக்க!"

துருவும் சத்தம் நின்றுவிட்டது என்பார்கள். எங்கள் ஊரில் வேறு யார் திட்டினாலும் கோபம் என்று விட்டுவிடலாம். அக்கா தம்பியைத் திட்டினால் அப்படி விட முடியாது. தம்பியின் வாழ்வும் தாழ்வும் அவள் வாயில் இருக்கிறது. அதனால்தான் ஞாயிறு அடுப்பில் வெந்த முதல் கூடைச் சாப்பாடு அவளுக்குப் போகிறது, அவள் இருக்கும் இடத்தில் அவன் காலை நீட்டி உட்காருவதில்லை.

லெபெக்காவின் கோபம் மாசிமழை மாதிரி, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஒரு நல்ல தச்சனைக் கட்டிக்கொண்டாள், வரிசையாகப் பிள்ளை பெற்றாள். சொன்னதை அவள் மறந்தே போனாள். நான் மருமகளாக வந்து, வருஷங்கள் போய், என் வயிறு தட்டையாகவே இருந்தபோதுதான் ஊர் அவளுக்கு அதை ஞாபகப்படுத்தியது.

முதலில் என்னைத்தான் பிடித்தார்கள். வயிறு நீவிவிடும் கிழவியிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். அவள் எண்ணெய் போட்டு என் குடலே இடம் மாறும்படி நீவினாள். கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்:

"ஏண்டி சியேனி, பைபிள்ல அபெராமோவுக்கு நூறு வயசுலதானே புள்ள பொறந்துச்சு? உன் ஆளுக்கு இப்பதான் முப்பது. நீ இன்னும் எழுபது வருஷம் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கறேன்டி. அதுவரைக்கும் நீ சாகாம இருந்து, புள்ள பாக்க வர்றப்ப நல்ல பாயா கொண்டு வா. உன் வீட்டுக் கிழிசல் பாய் எனக்கு வேண்டாம்" என்றேன். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

நீவிய கிழவி கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் வயிறு தங்கமாட்டம் இருக்கு. இது வயித்துக் கோளாறு இல்ல. ஒரு வாயோட கோளாறு. யாரு வாயின்னு உங்க வீட்டுல கேளு."

அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் லெபெக்கா காதுக்குப் போய்விட்டது. விடிந்தும் விடியாமலும் கையில் ஒரு பச்சை இளநீரோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. எதிர்த் தூணருகே தம்பியை உட்காரச் சொன்னாள். இளநீரை வாய் நிறைய எடுத்து, கொப்பளித்து, அவர் முகத்தின்மேல் பூவாகத் தூவினாள்.

"என் மனசுல உம்மேல ஒண்ணும் இல்லடா தம்பி. சொன்னதெல்லாம் தண்ணியோட போகட்டும்" என்றாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அவர் தலைகுனிந்து, முகத்தில் நீர் சொட்டச் சொட்ட, அவள் இருமி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். இது எங்கள் பழைய முறை. பாதிரியாருக்குப் பிடிக்காது, ஆனால் அவர் மனைவிகூட இதைச் செய்தவள்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. என் தீட்டுத்துணி கொடியில் காய்வதைப் பார்த்தால் போதும், மறுநாள் லெபெக்கா இளநீரோடு வந்துவிடுவாள். மனசில் எங்கேயோ ஒரு மூலையில் அந்தப் பழைய கோபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பலிக்கவில்லை என்று தன்னையே தோண்டினாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "போதும் அண்ணி! எங்க வீட்டுப் பாயெல்லாம் ஊறிப் போச்சு. அவருக்குச் சளிதான் அதிகமாகுது."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் அழுகையானது. "எம் மனசைக் கழுவ வேற தண்ணி எங்கடி இருக்கு?" என்றாள்.

அந்த வருஷம் வெள்ளை ஞாயிறு வந்தது. பிள்ளைகளுக்கான நாள். வெள்ளையும் சொள்ளையுமாகப் பிள்ளைகள் கோயிலில் வசனம் சொல்வார்கள், வீட்டில் பெரியவர்கள் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு மிச்சத்தைத்தான் சாப்பிடுவார்கள். அபெராமோ விடியலில் எழுந்து அடுப்பு மூட்டி, கிழங்கும் பன்றியும் வேகவைத்து, பழக்க தோஷத்தில் வாழையிலையும் போட்டுவிட்டார். உட்காரப் பிள்ளை இல்லை. சூடு ஆறிக்கொண்டிருந்த அந்த இலைக்கு முன்னால் அவர் விசிறியோடு ஈ ஓட்டிக்கொண்டிருந்ததை, கூடை வாங்க வந்த லெபெக்கா பார்த்துவிட்டாள். கூடையை வாங்காமலே திரும்பிப் போனாள்.

சாயங்காலம் தன் கடைக்குட்டியைப் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். பெனினா, இன்னும் பால்குடி மறக்காத பெண்.

"இன்னிலேர்ந்து நீதான் அம்மா சியேனி. நான் அத்தை. என்னை அம்மான்னு இவ ஒரு தடவை கூப்பிட்டாலும் குடுத்தது குடுத்ததா ஆகாது. அவன்கிட்ட நான் பறிச்சதை அவனுக்கே குடுக்கறேன்."

அக்கா தம்பிக்குப் பிள்ளை கொடுப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனால் அப்படிக் கொடுத்த பிள்ளை இரண்டு வீட்டிலும் உண்டு உறங்கி, இரண்டு அம்மாவோடு வளரும். லெபெக்கா அந்தக் கதவைத் தானே அடைத்துக்கொண்டாள். பால் கட்டி மார்பு நெருப்பாகக் கொதித்தபோதும் எங்கள் வீட்டு வழியாக வராமல் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பெனினா நடக்கப் பழகிய பிறகு ஒருமுறை கோயில் வாசலில் அவளைப் பார்த்துவிட்டு "அம்மா" என்று ஓடிப்போய்ப் பாவாடையைப் பிடித்தது. லெபெக்கா குனியவில்லை. மோவாயை உயர்த்தி என்னைக் காட்டினாள். "அம்மா அங்க இருக்கா பாரு." அப்புறம் எத்தனையோ தடவை அதே மோவாய், அதே பேச்சு. கடைசியில் பிள்ளை கற்றுக்கொண்டது.

நாங்கள் ஆக்லாந்துக்குப் போனது பிழைப்புக்காக. அபெராமோ இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குளிர் அவருடைய நெஞ்சைப் பிழிந்துவிட்டது. ஒரு காலையில் கைக்குட்டையில் ரத்தம். நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த செம்பட்டை முடி டாக்டரம்மா படம் எடுத்தாள், முதுகைத் தட்டினாள், எப்போதிலிருந்து இருமல் என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து என்றார். பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகள் உண்டா என்றாள்.

"ஒரு பொண்ணு" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

என் வாய் சும்மா இருக்குமா? "அவங்க அக்கா குடுத்த பொண்ணு. எங்களுக்குன்னு பொறக்கல" என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். இருமலுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மொழிபெயர்க்க வந்த நர்ஸ் எங்கள் சபைப் பெண். ஒரு சின்னக் குப்பியை அபெராமோவிடம் கொடுத்தாள். அவர் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருமித் துப்பட்டுமா?" என்றார். "சளி இல்லைங்க அண்ணே..." என்றவள் மேலே பேச முடியாமல் சிவந்துபோய், வேறு வார்டிலிருந்து ஓர் ஆண் நர்ஸைக் கூட்டிவந்தாள். அவன் காதோடு சொன்னதும் என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் அதை நினைத்துச் சிரித்த கடைசி நாள் அது.

மறுமுறை போனபோது டாக்டரம்மா எங்களைப் பூதக்கண்ணாடிக் கருவி முன்னால் உட்காரவைத்தாள். நான்தான் முதலில் பார்த்தேன். அவருடைய வித்துக்கள். குறைவொன்றும் இல்லை, ஏராளமாக இருந்தன. தலையும் வாலும் இருந்தன. எதுவும் நகரவில்லை.

"செத்துப் போச்சா?" என்றேன்.

"இல்ல. உயிரோடதான் இருக்கு. நீந்த முடியல" என்றாள்.

படகுப் பந்தயத்தில் வரிசையாக ஆள் உட்கார்ந்திருக்கிறான், துடுப்பும் இருக்கிறது, ஆனால் யாருக்கும் தோளுக்குக் கீழே கையில்லை. டாக்டரம்மா சொன்னதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். வித்தின் வாலுக்குள்ளே அதை அசைக்கும் கண்ணுக்குத் தெரியாத கைகள் இருக்குமாம். இவருக்கு வித்து உருவாகும்போதே அந்தக் கைகள் வைக்காமல் உருவாகிறது. மூக்கிலும் நுரையீரலிலும் சளியைப் பெருக்கித் தள்ளப் பொடி ரோமங்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் அதே கைகள்தான். அங்கேயும் இல்லை. அதனால்தான் பிறந்ததிலிருந்து சளி வெளியே போகவில்லை. இருமலும் பிள்ளையில்லாததும் ஒரே நோய்.

"அப்பாகிட்டேர்ந்து ஒரு குறை, அம்மாகிட்டேர்ந்து அதே குறை. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் தெரியாது, அவங்க நல்லாதான் இருந்திருப்பாங்க. ரெண்டும் சேர்ந்து உங்ககிட்ட வந்திருக்கு. வீட்ல வேற யாராவது பொறந்ததுலேர்ந்து இருமறாங்களா?"

அபெராமோ என்னைத் திரும்பிப் பார்த்தார். "என் அக்கா."

"அவங்களுக்கும் இதேதான் இருக்கணும்."

"அவளுக்கு வரிசையா புள்ளைங்க இருக்கே?"

"பொம்பளைங்களுக்குப் பல சமயம் பிறக்கும். முட்டை தானா நீந்திப் போக வேண்டியதில்ல."

"இது எனக்கு எப்ப வந்துச்சு டாக்டர்? பதினெட்டு வயசுலயா?"

டாக்டரம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "இல்லையே. வயித்துல உருவான அன்னிக்கே."

வெளியே வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் அழுதார். தனக்காக அழவில்லை. "அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சியேனி. அவ ரெண்டு வயசுக் குழந்தையா இருக்கறப்பவே எனக்கு இது இருந்திருக்கு. பாவி, அவ எத்தனை இளநீரைக் கொப்பளிச்சா!"

லெபெக்கா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நேரில் போய் நம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று அபெராமோ துடித்தார். நான் பெட்டியைக் கட்டினேன். பெனினாவுக்கு ஒன்பது வயது, அவளுடைய சட்டைகளை மடித்துவைத்தேன், மறுபடி வெளியே எடுத்தேன். கடனென்று நினைத்துத்தான் லெபெக்கா பிள்ளையைத் தந்தாள். கடனே இல்லை என்றால் பிள்ளை யாருடையது? எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, இளநீரோடு வந்து நின்ற அந்த வீங்கின முகத்தை நான் பார்த்தவள் அல்லவா.

கடல் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தோம். லெபெக்காவை மடித்த பாய்களில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அத்தனை பெரிய உடம்பு எங்கே போனதோ. மூச்சு விசில் அடித்தது. தம்பியைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு இளநீர் பறிச்சிட்டு வரச் சொல்லுங்க. போறதுக்குள்ள இன்னொரு தடவை கொப்பளிச்சுடறேன்."

"வேண்டாம் அக்கா." அபெராமோ எதிர்த் தூணருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். எல்லாம் சொன்னார். படகு, துடுப்பு, கை என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். "உனக்கும் எனக்கும் ஒரே இருமல் அக்கா, ஒரே நோய். பாதி அம்மா குடுத்தது, பாதி அப்பா குடுத்தது. நீ திட்டினப்பவே நான் அப்படித்தான் இருந்தேன். உன் வாயில ஒண்ணும் இல்ல."

லெபெக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் சொன்னது பலிக்கலையா?"

"பலிக்கல அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முகம் மெல்ல இளகியது. தோள் இறங்கியது. பழைய சிரிப்பு உதட்டில் வந்தது. அப்படியே பாதியில் நின்றது. அவள் கண்கள் வெளியே போயின. தண்ணீர்க் குழாயடியில் பெனினா, தன் கூடப்பிறந்தவர்கள் என்று அறிந்தும் மச்சான்களாகவே பழகிய பையன்கள்மேல் தண்ணீர் அடித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் புள்ளைய எதுக்குடா குடுத்தேன்?"

இத்தனை தூரம் கடல் தாண்டி நாங்கள் அவளுக்குக் கொண்டுவந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அபெராமோ தலையைப் பாயில் முட்டிக்கொண்டார். "உன் பொண்ணுதான் அக்கா. உங்கிட்டயே இருக்கட்டும்." நான் குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கிட்ட இருந்து என்ன பண்ண? சாகப் போறவளைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" இருமல் வந்து, போய், மறுபடி வந்தது. "குடுக்கவும் வாங்கவும் அவ என்ன பன்றிக்குட்டியாடா? போ, போயிக் கை கால் கழுவு."

மறுநாள் காலையில் மறுபடியும் இளநீர் கேட்டாள். நாங்கள் சொன்னதை நம்பவில்லை போலிருக்கிறது என்று அபெராமோ சோர்ந்துபோய்ப் பறித்துவந்தார். பழக்கத்தில் எதிரே உட்கார்ந்து தலையையும் குனிந்துகொண்டார். லெபெக்கா வாய் நிறைய எடுத்தாள். துப்பவில்லை. விழுங்கினாள்.

"இனிக்குதுடி சியேனி" என்றாள் என்னிடம். "இத்தனை வருஷமா இதைப் போயி உன் புருஷன் மூஞ்சில துப்பி வீணாக்கியிருக்கேன் பாரு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சமையல் குடிலுக்குப் பின்னால் பெனினாவைக் கூப்பிட்டு, தலையைக் கோதிவிட்டுச் சொன்னேன். "உள்ள போயி அத்தையை ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடு."

"அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு அத்தைதானே சொன்னாங்க?"

"அது அப்ப. இப்பக் கூப்பிடலாம்."

"அத்தை திட்டுவாங்க."

"திட்ட மாட்டாங்க. போடா கண்ணு."

போனாள். பாயருகே மண்டியிட்டு உட்கார்ந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கூப்பிட வேண்டும் என்று என் உயிரெல்லாம் கேட்டது, அவள் கூப்பிட்டால் நான் என்ன ஆவேன் என்றும் கேட்டது.

"அம்மா" என்றாள் பெனினா.

லெபெக்கா கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் நெற்றி, மூக்கு, ஈரத் தலைமுடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கையைக்கூட அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். அப்புறம் மோவாயை உயர்த்தி என்னைக் காட்டினாள்.

"அம்மா அங்க இருக்கா பாரு."

பழக்கத்தில் சொன்னாளா, தெரிந்தேதான் சொன்னாளா, எனக்குத் தெரியாது. அடுத்த நாளும் அவள் உயிரோடுதான் இருந்தாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை, இவ்வளவு நீள வாய் இருந்தும். பெனினா உடனே எழுந்து என்னிடம் வந்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.